மதுரைக்கு ஒரு மணித்தியாலம்

போன செவ்வாய்க்கிழமை காலை. கடையைத் திறந்து பத்து நிமிசம்கூட ஆகியிருக்காது. இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு புருசனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு. மதுரைக்குப் போய்க் காட்டப் போகிறார்களாம். இரண்டு கடவுச்சீட்டையும் மேசையில் வைத்துவிட்டு, முஸ்லிம் அண்ணனை இங்கே எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்று கூப்பிட்டு, அவ சாதாரணமாகத்தான் கேட்டா —

"கொழும்பில இருந்து மதுரைக்கு பிளேன் எவ்வளவு நேரம் நானா?"

கணினியில் எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தேன். "டிக்கெட்டில போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கோ" என்றேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பார்க்கமாட்டாவா? டிக்கெட் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு இதுகூடவா தெரியாது?

தெரியும். ஆகாய வழியாக ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம். கேட்காதவர்களையும் கூப்பிட்டு இதைச் சொன்னவன் நான். இப்போது கேட்டாலும் சொல்வதில்லை.

ஏன்?

அதைத்தான் இந்தக் கிழமைப் பத்தியில் எழுதுகிறேன். கொஞ்சம் சிரிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டியவர்கள் மன்னிக்க வேண்டும். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

என் கடையைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கொமினிகேஷன். ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு கணினி, நான்கு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு இரும்பு அலுமாரி. படிவம் நிரப்புவது, விசாவுக்கு விண்ணப்பிப்பது, டிக்கெட் போடுவது — இதுதான் என் தொழில். பத்தி எழுதுவது என் மனைவிக்குப் பிடிக்காத பழக்கம்.

செபமாலை அண்ணை அங்கேதான் வந்தார். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ, எனக்கென்ன" என்றார்.)

தாழ்வுபாடு என்கிற கரையோரக் கிராமத்துக்காரர். ஐம்பத்தொன்பது வயது. ஒரு சின்ன போட், கொஞ்ச வலை, மனைவி அக்னேஸ் அக்கா. பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவந்து தருகிறவர் என்றுதான் பழக்கம் தொடங்கியது. அதிகம் கதைக்கமாட்டார். கடைக்கு வந்தால் கதிரையில் இருக்காமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பார். உடுப்பில் மீன் மணக்கும், மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்பார்.

அன்றைக்கு வந்தவர் நேரே கதிரையில் இருந்தார்.

அவருடைய சொந்த அக்காவுக்கு வருத்தமாம், படுத்த படுக்கையாம்.

அக்காவின் பெயர் பிலோமினா. சண்டையில் புருசனைப் பறிகொடுத்தவ. தொண்ணூறாம் ஆண்டு, நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு படகேறி இந்தியாவுக்குப் போனவ. மண்டபத்துக்குக் கிட்ட ஒரு அகதி முகாம். அன்று போனவ, அங்கேயேதான். தாய் இல்லாத வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி வளர்த்தது அந்த அக்காதான் என்று அக்னேஸ் அக்கா ஒருநாள் சொல்லியிருந்தா.

அதே வருசந்தான், முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, எங்கள் குடும்பமும் ஆளுக்கொரு பையோடு இந்த மன்னார்த் தீவைவிட்டு வெளியேறியது. நாங்கள் தெற்கே, புத்தளம் பக்கம். அவ மேற்கே, கடலுக்கு அப்பால். ஒரே தீவு, ஒரே வருசம். எங்களுக்குத் திரும்பி வர ஒரு ரோட்டு இருந்தது. அவவுக்கு இருந்தது கடல்.

ஈரல் பழுதாகிவிட்டதாம். இனி ஆசுபத்திரியில் வைத்திருந்து பலனில்லை என்று முகாம் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்களாம். மகள் ரெஜினா போன் எடுத்து, இரண்டு மாதம் என்று டொக்டர் சொல்கிறார், அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா மாமா என்று சொல்லியிருக்கிறாள். இத்தனை வருசமும் அக்காவும் தம்பியும் போனில் கதைத்தவர்கள்தான். பிற்காலத்தில் வீடியோவிலும் முகம் பார்த்தார்கள். ஆனால் வருத்தம் முற்றிய பிறகு அக்கா வீடியோவுக்கு முகம் காட்டவில்லையாம். இந்த முகத்தை போனுக்குள்ள பார்க்க வேண்டாம், வந்து பார் என்றாவாம்.

செபமாலை அண்ணை என்னிடம் டிக்கெட் கேட்டு வரவில்லை. அது முக்கியம். யோசனை கேட்டுத்தான் வந்தார்.

கரையில் ஒருவர், நடுக்கடலில் இருக்கிற மணல் தீடைவரைக்கும் வள்ளத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாராம். அங்கே மற்றப் பக்கத்து வள்ளம் வந்து ஏற்றுமாம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு என்ன, ஒரு முப்பது கிலோமீற்றர். நாற்பது வருசமாக அந்தத் தண்ணீரிலேயே கிடக்கிற மனுசனுக்கு அது ஒரு தூரமா?

"வெள்ளிக்கிழமை போகலாம் எண்டு சொல்லுறாங்கள். கடலும் நல்லா இருக்கு" என்றார். பிறகு கேட்டார், "போகவோ நானா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சொன்னது இதுதான் — வேண்டாம்.

காரணங்களை அடுக்கினேன். இந்தப் பக்கம் நேவி. அந்தப் பக்கம் அவர்களுடைய நேவி. பிடித்தால் மறியல், சிறைதான். அக்கா அங்கே சாகக் கிடக்க, நீங்கள் அதே ஊரில் கம்பிக்குப் பின்னால் இருப்பீர்கள். அந்த மனுசனின் வள்ளமும் போகும், உங்கள் பேரும் போகும். அக்னேஸ் அக்கா தனிய என்ன செய்வா? எல்லாம் சரியான காரணங்கள்தான். ஒன்றுகூடப் பிழையில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

பிறகு கணினியை அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு வளைந்த கோடு. பக்கத்தில் தூரம், பறக்கும் நேரம்.

"இஞ்ச பாருங்கோ அண்ணை. கட்டுநாயக்காவில ஏறினா, ஒரு மணித்தியாலத்தில மதுரை. களவு இல்லை, பயம் இல்லை. ராசா மாதிரிப் போய் இறங்கலாம்."

அவர் கிட்ட வந்து திரையைப் பார்த்தார். வரைபடத்தில் மன்னார் எது என்று கேட்டார். காட்டினேன். மண்டபம்? அதையும் காட்டினேன். இரண்டுக்கும் நடுவில் அவருடைய நகம் வைக்கக்கூட இடம் காணாது. பிறகு விரலைக் கீழே கட்டுநாயக்காவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். அங்கேயிருந்து மேலே மதுரைக்கு. மதுரையிலிருந்து பக்கவாட்டில் மண்டபத்துக்கு.

"அப்ப நான் கீழ போய், மேல போய், திரும்ப இஞ்சால வரவேணும்."

"ஓம். ஆனா பறக்கிறது ஒரு மணித்தியாலந்தானே."

விரலைத் திரையிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பக் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பி, நீங்கள் சொன்னால் சரி நானா, படிச்ச ஆள் நீங்கள் என்றுவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை அந்த வள்ளம் போனது. போய், அடுத்த நாள் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. யாரையும் யாரும் பிடிக்கவில்லை. எனக்கு அது பிறகுதான் தெரியவந்தது. அவருக்கு அன்றைக்கே தெரியும். என்னிடம் சொல்லவில்லை.

கடவுச்சீட்டு வேலை தொடங்கியது. அவரிடம் இருந்த பத்திரங்கள் எல்லாம் இடம்பெயர்வில் தொலைந்துபோய், பிற்பாடு எடுத்தவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் முன்னுக்கு வந்தால், அடையாள அட்டையில் அது பின்னுக்கு. தகப்பன் பெயர் எது, பிள்ளை பெயர் எது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. எந்த அரசாங்கக் கந்தோரையும் நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்குப் பெயர் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை. அவ்வளவுதான். கிராம சேவையாளரிடம் ஒரு கடிதம். பங்குச் சுவாமியிடம் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடி ஒரு கடிதம். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு திருத்தம். திருத்தியதற்கு ஒரு உறுதிப்படுத்தல்...

ஏழு கிழமை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் செபமாலை அண்ணை கடைக்கு வருவார். கந்தோரில் என்ன நடந்தது என்ற புதினத்தை நான் சொல்வேன். அவர் அக்காவின் புதினம் சொல்வார். முதல் கிழமை, அக்கா சோறு சாப்பிடுகிறாவாம் என்றார். மூன்றாம் கிழமை, கஞ்சிதான் இறங்குதாம். ஐந்தாம் கிழமை, தண்ணீர் மட்டும். ஏழாம் கிழமை, நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கடவுச்சீட்டு ஒரு வியாழக்கிழமை கைக்கு வந்தது. அன்றே விசாவுக்கு ஒன்லைனில் போட்டேன். அது ஐந்தாம் நாள் வந்துவிட்டது. அடுத்த வியாழன் காலை விமானம். டிக்கெட்டை அச்சடித்துக் கையில் கொடுத்தபோது எனக்குள்ளே ஒரு பெருமை... மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்த்தீர்களா, நேர் வழியில் போனால் நடக்கும் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும்போல இருந்தது. இந்தப் பத்திக்குத் தலைப்புக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை விடியவே பஸ் ஏறினார். எட்டு மணித்தியாலப் பயணம். நீர்கொழும்பில் அக்னேஸ் அக்காவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார். பையில் இரண்டு சோடி உடுப்பு, செபம் சொல்லுகிற மாலை ஒன்று, பாரைக் கருவாடு. தண்ணீரே இறங்காதவவுக்குக் கருவாடு எதற்கு அண்ணை என்று கேட்டேன்.

"மணக்கட்டும்" என்றார்.

வியாழக்கிழமை காலை அக்னேஸ் அக்கா என் கடைக்கு வந்துவிட்டா. அவவுடைய போனில் இணையம் ஒழுங்காக வேலை செய்யாது. விமானம் எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டுகிற வசதி ஒன்று இருக்கிறதே, அதை நான்தான் முதல் நாள் சொல்லியிருந்தேன். வாங்கோ, உங்கட மனுசன் பறக்கிறதை இருந்த இடத்தில இருந்து பார்க்கலாம் என்று.

விமானம் பத்தரைக்குக் கிளம்பியது. திரையில் சின்ன மஞ்சள் விமானம் ஒன்று, எறும்பு மாதிரி. கட்டுநாயக்காவைவிட்டுக் கடலுக்கு மேலே ஏறி வடமேற்கே நகர்ந்தது. அக்னேஸ் அக்கா கதிரையை இழுத்துப்போட்டு, திரைக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தா. அவருக்கு ஜன்னல் ஆசனம் எடுத்துக் கொடுத்திருந்தேன். பயப்பிடாமல் இருக்கிறாரோ என்று இரண்டு தரம் கேட்டா. கடலில் பயப்படாத மனுசன், ஆகாயத்திலயா பயப்படப் போறார் என்றேன். சிரித்தா.

பதினொன்றேகால். எறும்பு மதுரைக்குக் கிட்டப் போய்விட்டது. "இன்னும் பத்து நிமிசம்" என்றேன்.

பிறகு அது வளைந்தது.

இறங்குவதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றுவது வழமைதான். அக்னேஸ் அக்காவுக்கும் அப்படியே சொன்னேன். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்று. மதுரைப் பக்கம் காலநிலை எப்படி என்று இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இடியோடு கடும் மழை. வானம் மூடிக்கிடக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய? யார்தான் என்ன செய்ய?

நான்காவது சுற்றின் பாதியில் அந்த எறும்பு மூக்கைத் தெற்கே திருப்பியது.

அது கடலுக்கு மேலே வந்து, போன கோட்டின் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டுக்கொண்டு, கட்டுநாயக்காவை நோக்கி இறங்கிக்கொண்டே வந்தது. விமானி செய்தது சரி. உள்ளே நூறு உயிர் இருக்கிறதே. இதிலும் யாரிலும் பிழையில்லை. இந்தக் கதையில் எங்கே தொட்டாலும் பிழை செய்த ஒரு ஆள் அகப்படுவதில்லை...

அப்போதுதான் என் போன் அடித்தது. ரெஜினா.

மாமாவின் போன் வேலை செய்யவில்லை என்றுதான் எனக்கு எடுத்தாள். அவளுக்கு டிக்கெட் அனுப்பும்போது என் இலக்கத்தையும் கொடுத்திருந்தேன். விமானம் இறங்கிவிட்டதா என்று கேட்டாள். விசயத்தைச் சொன்னேன். மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள் மெல்லிய குரலில் சொன்னாள். அம்மா காலையிலேயே தலை சீவிவிடச் சொன்னாவாம். நல்ல சேலை ஒன்றை உடுத்திவிடச் சொன்னாவாம். படுக்கையைவிட்டு எழும்பி ஒரு மாதம் இருக்கும், இன்றைக்கு என்னைத் தூக்கிக் கதிரையில் இருத்து என்று அடம்பிடித்து, வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாவாம். ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால், எங்க வாறான், எங்க வாறான் என்று கேட்கிறாவாம்.

"நான் அம்மாட்ட என்ன சொல்ல மாமா?" என்று கேட்டாள். முன்பின் தெரியாத என்னையும் அவள் மாமா என்றுதான் கூப்பிட்டாள்.

ஏழு கிழமையாகச் சட்டம், பத்திரம், நேர் வழி என்று நின்றவன் நான். ஒரு படிவத்தில்கூட ஒரு பொய் எழுதவிடாதவன். யோசிக்க எனக்கு மூன்று செக்கன்கூட எடுக்கவில்லை.

"வந்து இறங்கிட்டார் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. பஸ் ஏறிட்டார், வந்துகொண்டிருக்கிறார் எண்டு சொல்லுங்கோ."

அவள் சரி என்றாள். பக்கத்தில் இருந்த அக்னேஸ் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. நான் செய்தது நல்லதா கெட்டதா என்று அவ முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை.

செபமாலை அண்ணை கட்டுநாயக்காவில் இறங்கி, ஒரு மணிபோல எனக்கு எடுத்தார். அடுத்த விமானத்தில் சனிக்கிழமைதான் இடமாம். கீழே எல்லாம் வெள்ளை நானா, ஒன்றும் தெரியேல்லை என்றார். அக்கா எப்படி என்று கேட்டார். இருக்கிறா, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறா என்றேன். ரெஜினாவிடம் நான் சொன்னதை அவருக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பின்னேரம் நாலு மணிக்கு அக்கா போய்ச் சேர்ந்தா.

வெள்ளிக்கிழமை அடக்கம். முகாம் வீட்டில் உடலை வைத்திருக்க வசதி இல்லை, வெளியே மழையும் விடவில்லை. சனிக்கிழமை செபமாலை அண்ணை மதுரையில் போய் இறங்கினார். அன்றைக்கு வானம் துடைத்துவிட்டது போல இருந்ததாம். விமானம் ஒரு மணித்தியாலத்துக்கு மூன்று நிமிசம் இருக்கவே தரையைத் தொட்டது. ஈரமண் மேட்டில் ஒரு மரச் சிலுவை. அதைத்தான் பார்த்தார்.

பத்து நாள் அங்கே இருந்துவிட்டு வந்தார்.

வந்த இரண்டாம் நாள் கடைக்கு வந்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். எதற்கு மன்னிப்பு? வள்ளத்தில் போகவிடாததற்கா, பொய் சொன்னதற்கா? வாயைத் திறக்க முன் அவரே தொடங்கினார்.

ரெஜினா எல்லாம் சொன்னாளாம். நான் சொல்லச் சொன்னதையும்தான். அதைக் கேட்டதும் அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தாவாம். முகம் அப்படித் தெளிந்துபோச்சாம். சாகும்வரைக்கும் ஒரே கவலைதானாம். மதுரை பஸ்ஸில் சனம் கூட, தம்பி நின்றுகொண்டு வருகிறானோ, இருக்க இடம் கிடைத்ததோ என்று. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாவாம். கிடைச்சது அம்மா, ஜன்னல் பக்கம் இருக்கிறார் என்று ரெஜினா சொன்னாளாம். அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் கேட்கவில்லையாம்.

எனக்குக் கண் கலங்கியது. உண்மையைச் சொல்கிறேன் — கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. நான் செய்ததில் இது ஒன்றாவது உருப்பட்டதே என்று.

"அண்டைக்குக் கட்டுநாயக்காவில இருந்து ரெஜினாவுக்கு நாலு தரம் எடுத்தனான் நானா" என்றார் செபமாலை அண்ணை. "அவள் எடுக்கேல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"எப்பிடி எடுப்பாள்? பஸ்ஸில வாறவன் போனில கதைச்சா அக்கா தானும் கதைக்கக் கேப்பாதானே. பிளேன் திரும்பினதை நான் சொல்லிப்போடுவன் எண்டு பயந்து, போனை ஒளிச்சு வைச்சிருந்தவள். பாவம், அழுது அழுது சொன்னவள்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. குரலையாவது கேட்டிருக்கலாம். ஒரு மணியிலிருந்து நாலு மணிவரைக்கும் மூன்று மணித்தியாலம் இருந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டு பேரிடமும் போன் இருந்தது. நடுவில் என் பொய் இருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். வெளியே வவுனியா பஸ் புறப்பட்டுப் போனது. அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, இதுவரைக்கும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

தொண்ணூறில் அக்காவை வள்ளத்தில் ஏற்றிவிட்டது அவர்தான். இருபத்துநாலு வயது. இடுப்பளவு தண்ணீரில் நின்று ரெஜினாவைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். வள்ளத்தில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்ததாம். அக்கா கையைப் பிடித்து இழுத்தாவாம். ஏறு, ஏறு என்று. இவருக்குப் போக மனமில்லை. வலை கிடந்தது. வீடு கிடந்தது. கரையில் அக்னேஸ் இருந்தா. அப்போது கலியாணம் பேசியிருக்கவில்லை. ஆனால் மனதில் இருந்தா.

"அடுத்த வள்ளத்தில வாறன் அக்கா எண்டு சொன்னனான். அப்பவே தெரியும், நான் போகமாட்டன் எண்டு. அவவைப் போக வைக்கத்தான் சொன்னனான். அக்கா நம்பினவ."

சேர்ட் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

"போய் இருந்து அதைச் சொல்லிப்போட்டு வருவம் எண்டுதான் நினைச்சனான் நானா. வேற ஒண்டுக்கும் இல்லை."

ஆறுதல் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று நீங்களெல்லாம் கடிதம் எழுதுகிறீர்கள். ஒரு வார்த்தை வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

தூரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். நேரத்தைக் கணித்து வைத்திருக்கிறார்கள். விரலால் தட்டினால் திரையில் வந்து விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் அடுத்தவனுக்கு வழி சொல்லத் தொடங்கிவிடுகிறோம். ஊருக்கும் ஊருக்கும் இடையில் எவ்வளவு என்றுதான் அதில் இருக்கிறது. அந்த மனுசனுக்கும் அந்த மனுசிக்கும் இடையில் என்ன கிடந்தது என்று எனக்கு எங்கே தெரியும்? தெரியாமல்தான் வேண்டாம் என்றேன். தெரியாமல்தான் இறங்கிட்டார் என்றேன். இரண்டும் நல்ல மனதோடு சொன்னது. நல்ல மனம் இருந்தால் காணும், அது போதும் என்று யார் எங்களுக்குச் சொல்லித் தந்தது?

செபமாலை அண்ணை எழும்பினார். நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டும், கிழிந்த வலை பொத்தக் கிடக்கிறது என்றார். போகிற வழியில் சேர்ட் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இது இஞ்சயே இருக்கட்டும் நானா. வீட்டில உப்புக்காத்து, பழுதாப் போயிடும்."

இனி எங்கேயும் போகிற யோசனை இல்லையா என்று நான் கேட்கவில்லை. வாங்கி, ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

புத்தம் புதுக் கடவுச்சீட்டு. பத்து வருசத்துக்குச் செல்லுமாம்.